நெவிலின் மூக்கு

எங்கள் வீட்டுக்கும் ஹோல்ராய்ட் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தக் காலத்தில் ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய கல் வீடுகள். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "உடம்பைப் பாத்துக்கோ" என்று பதில் வரும். நான் கல்யாணமாகி இங்கிலாந்தின் இந்தச் சிற்றூர் ஓட்லிக்கு வந்த நாளிலிருந்து சுவருக்கு அப்பால் நெவிலும் அவன் மனைவி கிளெண்டாவும்தான். என் கணவர் போன பிறகு அவர்கள் வீட்டுச் சத்தமே எனக்குத் துணை. அதனால் இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது பாதி, காதால் கேட்டது பாதி. சுவர் மறைத்ததையெல்லாம் கிளெண்டாவே துணி உலர்த்தும்போது சொல்லியிருக்கிறாள்.

நெவில் பஸ் ஓட்டியவன். லீட்ஸுக்கும் இல்க்லிக்கும் நடுவே இரட்டைமாடி பஸ் ஓட்டியே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். பெரிய ஆசை என்று எதுவும் கிடையாது. ஆனால் சின்னச் சந்தோஷங்களை அவன் அனுபவித்ததுபோல் அனுபவித்த ஆளை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் பின்வாசல் படியில் டீக் கோப்பையோடு வந்து நிற்பான். உடனே குடிக்க மாட்டான். முதலில் மூக்கைக் கோப்பைக்குள் விட்டு, கண்ணை மூடி, ஒரு மூச்சு. பிறகு ஒரு வாய். பிறகு "ஆகா!" அந்த ஆகா என் சமையலறை வரைக்கும் வரும்.

"இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன வேணும், சொல்லு!"

"மேலயா? மேல கூரை இருக்கு. ஒழுகுது. ஏணி எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கில்ல?" என்று உள்ளேயிருந்து கிளெண்டா.

இது தினப்படி வழிபாடு. டீ மட்டுமா? சனிக்கிழமை காலையில் வாணலியில் பேக்கன் என்ற பன்றி இறைச்சித் துண்டு சுருளும்போதே அடுப்புப் பக்கத்தில் நின்று மோப்பம் பிடிப்பான். வெள்ளிக்கிழமை மீன் கடையில் பொரித்த உருளைக்கிழங்கு வாங்கி, வினிகரைக் காகிதம் நனைய ஊற்றி, வார்ஃப் ஆற்றுப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து தின்பான். கொல்லையில் ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய கண்ணாடி அறை கட்டித் தக்காளி வளர்த்தான். ஜூலையில் தக்காளி இலையைக் கசக்கிவிட்டு விரலைத் தெருவில் போகிறவர்கள் மூக்கருகே நீட்டுவான். "ஆட்ரி, சும்மா மோந்து பாரேன்." நானும் மோந்து பார்ப்பேன். எனக்கு அது இலை. அவனுக்கு அது என்னவோ வேறு.

கிளெண்டா நேர்மாறு. சந்தைத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் முன்மேசையில் வேலை. உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும் போலிருக்கும் அவளுக்கு. கம்பளம் மாற்றணும், அலமாரி மாற்றணும், மழைநீர்க் குழாயைச் சுத்தம் பண்ணணும். "ஒரு பிஸ்கட்டை டீல நனைச்சா இந்த ஆளுக்குச் சொர்க்கவாசல் திறந்துடுது ஆட்ரி. இப்படி இருந்தா வீடு எப்படி முன்னுக்கு வரும்?" என்பாள். வெறுப்பாகச் சொல்ல மாட்டாள். ஆனால் விளையாட்டுக்கும் சொல்ல மாட்டாள்.

நவம்பரில் நெவிலுக்குச் சளி பிடித்தது. காய்ச்சலோடு ஒரு வாரம் படுத்திருந்தான். தெருவில் பாதிப் பேருக்கு அதே சளிதான். யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அவன் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு ஒரு காலை என் வீட்டில் கருகல் நெடி. என் அடுப்பு அணைந்துதான் இருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் அவர்கள் ஜன்னலிலிருந்து புகை. கிளெண்டா வேலைக்குப் போயிருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். நெவில் அடுப்புக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ரொட்டி கரிக்கட்டையாகப் புகைந்துகொண்டிருந்தது.

"நெவில்! வீட்டுக்குக் கொள்ளி வைக்கப் பாக்குறியா?"

திரும்பிப் பார்த்தான். துள்ளி எழுந்து அடுப்பை அணைத்தான். அப்புறம் அந்தக் கரித்துண்டைக் கையில் எடுத்து மூக்கருகே வைத்து இழுத்தான். கீழே வைத்தான். காபி டப்பாவைத் திறந்து முகர்ந்தான். மிளகுப் பொட்டலத்தைப் பிரித்தான். வினிகர் பாட்டிலை மூக்கில் கவிழ்க்காத குறையாகப் பிடித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது.

"அடைச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆட்ரி. காத்து நல்லாத்தான் போகுது." வினிகர் பாட்டிலை மூடி வைத்தான். "காலியாப் போகுது."

ஒரு பெண் மருத்துவரிடம் போனார்கள். சளிக்குப் பிறகு சிலருக்கு வாசனையும் ருசியும் போய்விடும், சில மாதத்தில் திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்திருங்கள் என்று அந்தப் பெண் பரிவோடு சொன்னாளாம். வீட்டுக்கு வந்ததும் கிளெண்டா என்னிடம் சொன்னாள்: "பொறுத்திருக்கிறது அவனுக்கு வரும். எனக்குத்தான் வராது."

நெவில் புலம்பவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கடையைக் கட்டுகிறவன் ஒவ்வொரு விளக்காக அணைப்பதுபோல ஒவ்வொன்றாக விட்டான். முதலில் வெள்ளிக்கிழமை மீன் கடை போனது. "அட்டையை மென்னு எதுக்குப் பல்லை நோகடிக்கணும்?" பிறகு சனிக்கிழமை பேக்கன். கடைசியில் டீ. ஒரு நாள் பின்வாசல் படியில் கோப்பையோடு நின்றவனைப் பார்த்தேன். கோப்பையில் வெறும் வெந்நீர்.

"டீத்தூள் தீந்துபோச்சா?"

"இருக்கு. எனக்கு ருசி தெரியாததை எதுக்கு வீணாக்கணும்?"

குடித்துவிட்டு உள்ளே போய்விட்டான். ஆகாவும் இல்லை, அதற்குக் கிளெண்டாவின் பதிலும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. சுவர் அன்றைக்குத்தான் எனக்குச் சுவராகத் தெரிந்தது.

டிசம்பரில் ஒரு வெயில் நாள். கிளெண்டாவும் நானும் பின்பக்கக் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தோம். அவள் ஒரு தலையணை உறையைக் கொடியில் மாட்டிவிட்டு அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. அவள் அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட வந்தவர்களுக்கு சாண்ட்விச் போதுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி கண்ணு?"

"இத்தனை வருஷமா அந்த ஆகாவைக் கிண்டல் பண்ணியிருக்கேன் ஆட்ரி. பொழுது போகாத மனுஷன்னு நினைச்சேன். இப்பதான் தெரியுது, எங்க வீட்டுல வெளிச்சமே அங்கேர்ந்துதான் வந்துட்டிருந்தது. நான் என்னிக்காவது ஒரு நாள் எதையாவது நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கேனா? எனக்கும் சேர்த்து அவன்தான் சொல்லிட்டிருந்தான்."

மூக்கைச் சிந்திக்கொண்டாள். உறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். "சரி. அழுதா ஆச்சா? ஏதாவது செய்யணும்" என்றாள். அது பழைய கிளெண்டா.

அவள் முதலில் செய்தது நல்ல யோசனை என்று சொல்ல முடியாது. மூக்கு தூங்கினால் தட்டி எழுப்ப வேண்டும் என்று முடிவு செய்தாள். கடுகு விழுதை ஒரு கரண்டி அப்படியே கொடுத்துப் பார்த்தாள். தேவாலயத்துக்குப் பக்கத்து இந்தியச் சாப்பாட்டுக் கடையில் இருப்பதிலேயே காரமானது எதுவோ அதைக் கேட்டு வாங்கி வந்தாள். கடைக்காரர் இரண்டு தரம் எச்சரித்தாராம். நெவில் சாப்பிட்டான். நெற்றி வேர்த்தது, காது சிவந்தது.

"எப்படி இருக்கு?"

"நாக்கு எரியுது."

"ருசி?"

"எரியுதுன்னு சொன்னேனே. அவ்வளவுதான் சேதி."

மிச்சத்தைக் கொட்ட மனமில்லாமல் கிளெண்டாவே தின்று தீர்த்தாள். அப்புறம் அவர்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

திருப்பம் ஜனவரியில் வந்தது. தானாகத்தான் வந்தது. சந்தைக்குப் போன இருவரும் திரும்பும்போது பஸ் வரவில்லை. குளிர் மழை. குடை காற்றில் மலர்ந்து முறிந்தது. மேட்டுத் தெரு முழுக்க நடந்தே ஏறி, நனைந்த கோழிகள் மாதிரி வந்து சேர்ந்தார்கள். அன்று காலை கிளெண்டா துவைத்த கம்பளிக் காலுறைகளைச் சுவரோரச் சூடேற்றியின் மேல் போட்டுவிட்டுப் போயிருந்தாள். நெவில் ஈரத்தையெல்லாம் கழற்றிவிட்டு, உடம்பைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சூடான காலுறைக்குள் விறைத்த காலை நுழைத்தான்.

"ஆகா..."

கையில் கெண்டியோடு நின்ற கிளெண்டா அப்படியே நின்றாள். "என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"சொன்னே! என் காதால கேட்டேன்!" அடுத்த நொடி என் சுவரில் தொம் தொம்மென்று குத்து விழுந்தது. "ஆட்ரி! ஆட்ரி! கேட்டுச்சா உனக்கு?"

வானொலி ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை. ஆனாலும் அவள் குரலில் இருந்ததைக் கேட்ட பிறகு வேறு என்ன சொல்ல முடியும்?

"கேட்டுச்சு! நல்லாக் கேட்டுச்சு!" என்று கத்தினேன்.

அதிலிருந்து கிளெண்டா வேட்டைக்காரி ஆனாள். மூக்கு வழியாக வராததெல்லாம் வேறு எந்த வழியாக வரும் என்று தேடினாள். வெந்நீர்ப் பையைப் படுக்கும் முன்பே அவன் பக்கத்துப் போர்வைக்குள் வைத்தாள். உறைபனி விழுந்த காலையில் அவனை எழுப்பி, யாரும் மிதிக்காத புல்வெளியில் நடக்க வைத்தாள். நொறுங்கும் சத்தத்துக்காக. ரொட்டியை முறுகச் சுட்டுக் கடிக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டாள். கடைக்குக் கண்ணாடிகள் சுற்றி வரும் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் உறையைக் கைநிறைய எடுத்து வந்து இருவரும் உட்கார்ந்து டப் டப்பென்று உடைத்தார்கள். எனக்கும் ஒரு துண்டு கொல்லைச் சுவருக்கு மேலாக வந்தது. பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

இவை எல்லாவற்றிலும் மேலானது பஸ். வேலை செய்த காலமெல்லாம் நெவில் இரட்டைமாடி பஸ்ஸின் மேல்தளத்தில் முன்வரிசையில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. ஓய்வுக்குப் பிறகும் பழக்கதோஷத்தால் கீழே ஓட்டுநருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பிரேக் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பானே தவிர, மேலே ஏற மாட்டான். கிளெண்டா அவனையும் என்னையும் கிளப்பிக்கொண்டு நிறுத்தத்துக்குப் போனாள். வந்த பஸ்ஸை ஓட்டியவன் நதீம், நெவிலோடு வேலை பார்த்தவன்.

"என்ன நெவில், வழி தவறிட்டியா? உன் சீட்டு கீழல்ல இருக்கு!"

"இன்னிக்கு நான் மகாராஜா. மேல போறேன். குலுக்காம ஓட்டு."

"நீ ஓட்டினப்போ மேல இருந்தவங்க என்ன பாடு பட்டாங்கன்னு இன்னிக்காவது தெரியட்டும். நல்லாப் பிடிச்சுக்கோ, கிழவா!"

முன்வரிசை காலியாக இருந்தது. அவர்கள் இருவரும் அதில் உட்கார, நான் பின்னால். பஸ் ஊரைத் தாண்டி வளைந்ததும் ஆறு வலது பக்கம் விரிந்தது. மதில்களுக்கு மேலாக எல்லார் தோட்டமும் தெரிந்தது. யாரோ ஒருவர் குளியலறை அங்கியோடு கோழிகளைத் துரத்திக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் மொட்டைக் கிளையொன்று கண்ணாடியில் படாரென்று அடித்தது. நெவில் தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"கிளெண்டா, என் தலைக்கு மேல இத்தனை வருஷமா இப்படி ஒரு சினிமா ஓடிட்டிருந்ததா? ஒருத்தரும் சொல்லலையே!"

இல்க்லியில் இறங்காமல் அப்படியே திரும்பி வந்தோம். அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவையாவது போனார்கள்.

எல்லாம் நேராகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு அப்பால் நாற்காலி விழும் சத்தம். பிறகு நெவிலின் குரல். அவன் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

"போதும் கிளெண்டா! நான் என்ன கைக்குழந்தையா? இதை ஆட்டி அதை ஆட்டி எத்தனை நாளைக்குக் கிலுகிலுப்பை காட்டுவே?"

"பின்ன என்ன பண்ணச் சொல்றே? நீ வெந்நீரைக் குடிச்சிட்டு சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு நான் சும்மா இருக்கணுமா?"

"எனக்கு வேணுங்கறதை நீ கொண்டாந்து குடுக்க முடியாது."

"பேக்கன்தானே? டீதானே?"

"டீ கிடக்கட்டும்!" என்றான். அதற்குமேல் எனக்குக் கேட்கவில்லை. நான் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டேன். சில விஷயங்களைச் சுவர் கேட்கலாம், நான் கேட்கக் கூடாது.

மறுநாள் கொடியருகில் கிளெண்டாவே சொன்னாள். துணியை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"என் வாசனை தெரியலையாம் ஆட்ரி. நான் ஒரே சோப்புதான் போடுறேன். என் தலைமுடி, என் கழுத்துன்னு அவன் மனசுல ஒண்ணு இருந்திருக்கு. பக்கத்துல படுத்தா யாரோ அசலார் வீட்டுல படுத்திருக்கற மாதிரி இருக்காம். இருட்டுல பயமா இருக்காம். என்கிட்ட சொல்ல வெக்கப்பட்டுட்டு இத்தனை மாசமா உள்ளயே வெச்சிருந்திருக்கான்."

"நீ என்ன சொன்னே?"

"என்ன சொல்ல? எனக்கு ஒரு வாசனை இருக்குன்னே எனக்குத் தெரியாது." அவள் கன்னம் சிவந்துபோயிருந்தது. "விளக்கை அணைச்சதும் அவன் கையை எடுத்து என் கன்னத்துல வெச்சுக்கிட்டு, 'நான்தான்'னு சொன்னேன். அவ்வளவுதான். தூங்கிட்டான்."

தினமும் அப்படியே சொன்னாளாம். விளக்கை அணைத்ததும், 'நான்தான்.' அவனும், 'சரி' என்பானாம்.

அந்தச் சண்டைக்குப் பிறகு கிளெண்டா அவனைத் துரத்துவதை விட்டாள். ஆனால் தேடும் பழக்கம் அவளை விடவில்லை. யாருக்காகவோ ஆரம்பித்தது அவளுக்கே ஒட்டிக்கொண்டது. மார்ச்சில் ஒரு நாள் சுவரில் தட்டினாள். "ஆட்ரி, ஓடி வா! கையில இருக்கறதைப் போட்டுட்டு வா! போயிடும்!" யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடினேன். அவர்கள் வீட்டுக் குறுகலான மாடிப்படியில் ஒரு துண்டு வெயில் விழுந்திருந்தது. வருஷத்தில் சில நாள் மட்டும் வாசல் மேலிருந்த சின்னக் கண்ணாடி வழியாக வரும் வெயில். கிளெண்டா ஒரு படியில், அதற்கு மேல் படியில் நெவில், கீழ்ப் படியில் நான். வரிசையாக உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டோம். வெயில் நகர நகர நாங்களும் ஒவ்வொரு படியாக மேலே நகர்ந்தோம்.

"இத்தனை வருஷமா இந்தப் படியைப் பெருக்கியிருக்கேன்" என்றாள் கிளெண்டா. "உக்காந்ததே இல்ல."

"நான் சொல்லியிருக்கேன்" என்றான் நெவில்.

"நீ ஆயிரம் சொல்லுவே. எதையெல்லாம் நான் கேக்க முடியும்?"

ஏப்ரல் வந்தது. ஊருக்கு மேலே நிற்கும் செவின் என்ற குன்றின் அடியில் இருக்கும் பண்ணைக்காரர்கள், குளிர்காலம் முழுக்கக் குழியில் ஊறிக் கிடந்த மாட்டுச் சாணத்தையும் மூத்திரத்தையும் குழம்பாகக் கலக்கி வயலுக்குத் தெளிக்கும் பருவம். காற்று எங்கள் பக்கம் வீசினால் அன்று ஊரே செத்தது. அந்த நெடிக்குச் சாணம் என்று பெயர் வைத்தால் சாணமே கோபித்துக்கொள்ளும். அன்று காற்று எங்கள் பக்கம்தான் வீசியது. தெரு முழுக்க ஜன்னல்கள் பட்பட்டென்று மூடின. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கொடியில் கிடந்த விரிப்புகளை எடுக்க ஓடினேன். எதிர்வரிசை டெஸ்மண்ட் வாசலில் நின்று பண்ணைக்காரனின் பரம்பரையையே வைதுகொண்டிருந்தான்.

நெவில் தக்காளிக் கண்ணாடி அறைக்குள் நாற்றுத் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். மெல்ல வெளியே வந்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்தான், தூரத்தில் யாரோ கூப்பிடுவது போல.

"கிளெண்டா."

"கதவைச் சாத்திட்டு உள்ள வா, நெவில்! குமட்டுது!"

"கிளெண்டா... என்னவோ நாறுது."

நான் விரிப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். கிளெண்டா கதவைத் திறந்தாள். ஈரக் கையோடு படியில் நின்றாள்.

"என்ன சொன்னே?"

"நாறுது! அய்யோ, என்னமா நாறுது!" அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முற்றத்தில் நின்று, நெஞ்சு நிறைய இழுத்தான். இருமினான். மறுபடி இழுத்தான். "மாட்டுச் சாணி! கூடவே ஏதோ அழுகினது! இன்னும் என்னவோ! ஆகா!"

டெஸ்மண்ட் எதிர்வாசலிலிருந்து கத்தினான்: "நெவில், அந்தப் பண்ணைக்காரனைச் சும்மா விடக் கூடாதுடா! ஊரைக் கூட்டிக் கேக்கணும்!"

"அவனை ஒண்ணும் சொல்லாதே!" நெவில் திருப்பிக் கத்தினான். "அந்தப் புண்ணியவான் நூறு வருஷம் நல்லா இருக்கணும்!"

டெஸ்மண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. கிளெண்டா சமையலறைக்குள் ஓடினாள். காபி டப்பா, மிளகு, வினிகர், டீ, வெங்காயம் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஏப்ரன் மடியில் அள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக அவன் மூக்கில் பிடித்தாள். எதுவும் தெரியவில்லை. காற்றில் வந்த அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை.

"சாணிக்கு மட்டும்தான் திறக்குமா உன் மூக்கு?" என்றாள் கிளெண்டா. சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து சிரித்தாள். வெங்காயம் உருண்டோடியது. சிரிப்பு எப்போது அழுகையானது, எப்போது மறுபடி சிரிப்பானது என்று சொல்ல முடியாது. நெவில் என் பக்கம் திரும்பினான்.

"ஆட்ரி, அந்த விரிப்பை எடுக்காதே. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

நல்ல வெள்ளை விரிப்பு. அதில் மூக்கைப் புதைத்து அவன் மூச்சிழுத்தபோது, நான் மூன்று தரம் துவைக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

எல்லாம் அன்றே திரும்பிவிடவில்லை. வந்ததும் ஒழுங்காக வரவில்லை. மே மாதத்தில் வெங்காயம் வந்தது. ஆனால் காபி ரப்பர் கருகியதுபோல் வந்தது. ரோஜா பழைய நாணயம் மாதிரி வாடை அடிக்கிறது என்றான். வினிகர் பாதி வந்தது. டீ இன்றைக்கும் பழைய டீ இல்லை. பேக்கன் ஒரு சனிக்கிழமை இருக்கும், அடுத்த சனிக்கிழமை இருக்காது. நெவில் அதையும் ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டான். காலையில் கதவைத் திறந்து நின்று, "இன்னிக்கு யார் யார் வந்திருக்காங்கன்னு பாப்போம்" என்பான்.

ஜூன் தொடக்கத்தில் நான் எதேச்சையாக ஒன்றைப் பார்த்தேன். கிளெண்டா பின்முற்றத்தில் குனிந்து தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கடந்து போன நெவில் சட்டென்று நின்றான். திரும்பி வந்து அவள் பிடரி முடியில் முகத்தை வைத்தான். வைத்த முகத்தை எடுக்கவே இல்லை. தண்ணீர் தொட்டி நிரம்பி வழிந்து அவள் செருப்பை நனைத்தது. "ஆட்ரி பாக்குறா, விடு" என்றாள் கிளெண்டா. ஆனால் நகரவில்லை. நான் பார்க்காதது மாதிரி உள்ளே போய் என் வானொலியைப் போட்டுக்கொண்டேன். அதைப் பற்றி அவள் கொடியருகில் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் விடுமுறை திங்கட்கிழமை மூன்று பேரும் நெவிலின் பழைய காரில் ஃபைலி கடற்கரைக்குப் போனோம். விடுமுறை என்று தெரிந்தால் மழைக்கும் கொண்டாட்டம்தானே. போய்ச் சேர்வதற்குள் பிடித்துக்கொண்டது. கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். எங்களுக்கு இரு பக்கமும் அதேபோல் வரிசையாகக் கார்கள், எல்லாவற்றிலும் மனிதர்கள், எல்லோரும் கடலைப் பார்த்தபடி. ஒருவரும் திரும்பிப் போவதாகத் தெரியவில்லை. பக்கத்துக் காரில் ஒரு கிழத் தம்பதி குடுவையிலிருந்து டீ ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தினார்கள். நாங்களும் உயர்த்தினோம்.

கிளெண்டா மடியில் துணியை விரித்து முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தாள். கூரையில் மழை தாளம் போட்டது. எங்கள் மூச்சிலும் சாப்பாட்டின் ஆவியிலும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது.

"முட்டை வருதா?" என்று கேட்டாள்.

நெவில் மென்றுகொண்டே யோசித்தான். "முட்டை வரல. அதுல போட்ட கீரை வந்திருக்கு."

"சரி, வந்தவங்களை நல்லபடியா கவனிச்சுக்கோ."

நெவில் சட்டைக் கையால் முன்கண்ணாடியில் ஒரு வட்டம் துடைத்தான். அதில் சாம்பல் நிறக் கடல் தெரிந்தது.

"ஒரு கப்பல் போகுது" என்றான்.

"எங்க?"

மூன்று பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு அந்த வட்டத்துக்குள் பார்த்தோம். தெரிவதற்குள் கண்ணாடி மறுபடி மூடிக்கொண்டது. கிளெண்டா சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, தன் புதுக் கம்பளிச் சட்டையின் கையை உள்ளங்கைக்கு இழுத்துக்கொண்டு, இந்த முறை பெரிய வட்டமாகத் துடைத்தாள்.